மூடியின் உள்பக்கம்: பழைய கைக்கடிகாரம் வாங்குவது பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

பழைய கைக்கடிகாரம் வாங்குகிற பழக்கம் எனக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொருள் சேர்ப்பது காசுள்ளவன் பொழுதுபோக்கு, இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பொருள் சேர்ப்பவனை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1937இல் வால்டர் பெஞ்சமின், எட்வர்ட் ஃபூக்ஸ் என்கிற சேகரிப்பாளரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உயர்கலை என்று மதிக்கப்பட்டதை விட்டுவிட்டுக் கேலிச்சித்திரங்களையும் யாரும் சீந்தாத படங்களையும் சேர்த்த சோசலிஸ்ட் அந்த ஃபூக்ஸ். ஒரு பொருளை அதன் உற்பத்தியிலிருந்தும் அது கைமாறி வந்த வழியிலிருந்தும் பிரிக்காமல் பார்ப்பது எப்படி என்கிற கேள்வி அங்கே எழுகிறது. என் கேள்வியும் ஏறத்தாழ அதுதான். அதைக் கீழராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்கிறேன், அவ்வளவே.

2016 ஜனவரியில் எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு 2014லேயே வந்துவிட்டது. அப்போதே ஜனங்கள் மிச்சம் மீதியை வாங்க முண்டியடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் திரும்பிப் பார்க்காததைச் சாகும்போது வாங்க ஓடுவது நமக்குப் புதிதல்ல. நானும் ஓடினேன். என் முதல் வாட்ச் வடக்கேயிருந்து தபாலில் வந்த ஒரு ‘ஜனதா’. ரத்தச் சிவப்பு டயல், பளபளவென்று முள், புதுப் பட்டை. பெருமையாகக் கட்டிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டினேன். எழுபதை நெருங்குகிறவர். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு அரை நிமிஷம் பார்த்தார்.

“மிஷின் ஜனதாதான் தம்பி. டயலு பெயிண்ட் அடிச்சது. கம்பெனி இந்தக் கலர்ல போடல.”

“அப்ப டூப்ளிகேட்டா?”

“டூப்ளிகேட்டுன்னு எப்படிச் சொல்றது? உள்ள ஓடுறது நெசந்தானே.”

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஓடுவது நிஜம், முகம் பொய். அப்படியென்றால் ‘ஒரிஜினல்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது எதை? அடுத்து நான் செய்த தவறு இதைவிடப் பெரிது. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த மாவட்டத்துக்குக் கைக்கடிகாரம் வந்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

கடிகாரத்தைப் பற்றிப் பேசும் இடதுசாரிகள் எல்லோரும் இ.பி. தாம்சனிடம் போய் நிற்போம். 1967இல் வெளியான அவருடைய கட்டுரை, இங்கிலாந்தில் தொழிற்சாலை முதலாளியம் வேலையைக் கடிகாரத்தால் அளக்கப் பழக்கியதையும் தொழிலாளி அந்த அளவை எதிர்த்து, பிறகு ஏற்று, கடைசியில் அதே கடிகாரத்தை வைத்துப் பத்து மணி நேரம் கேட்டுப் போராடியதையும் சொல்கிறது. சரியான சித்திரம். ஆனால் புதுக்கோட்டைக்கு இதை அப்படியே தூக்கி வந்து பொருத்தினால் பொருந்தாது. இங்கே வாட்ச் ஆலை வாசல் வழியாக வரவில்லை.

நம் பக்கத்தில் வேலைக்கு நேரம் சொல்லப் பெயர்கள் இருந்தன. வெள்ளி முளைக்க, கோழி கூப்பிட, ஏர் பூட்டுகிற நேரம், உச்சி, மாடு அவிழ்க்கிற நேரம், பொழுது சாய. நாழிகை என்றால் 24 நிமிஷம், நாளுக்கு 60. அது கோயிலுக்கும் ஜோசியருக்கும் தேவைப்பட்ட கணக்கு. ‘மணி’ என்ற சொல்லே அடிக்கிற மணியிலிருந்து வந்து நேரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரன் ரயிலுக்காக மதராஸ் நேரம் என்று ஒன்றை வைத்திருந்தான். 1906 ஜனவரி 1 முதல் அது இந்திய நேரமாக மாறியபோது மதராஸ் கடிகாரங்கள் சுமார் 9 நிமிஷம் முன்னால் தள்ளப்பட்டன. சூரியன் இருந்த இடத்தில்தான் இருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு ரயில் வந்தது 1929இல். அதற்குப் பின்தான் தலைநகரத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் நிமிஷம் என்பது வண்டியைத் தவறவிடுகிற விஷயமாயிற்று.

ஆனால் கடிகாரம் ரயிலுக்கு முன்பே வந்துவிட்டது. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி என்று இந்த மாவட்டத்துக்குள் இருக்கிற நகரத்தார் ஊர்களுக்குப் போனால் தெரியும். பர்மாவில் கடன் கொடுத்து, 1930களின் நெருக்கடியில் கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்து, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது என்பது பொருளாதார வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வட்டி என்பது நேரத்தை விற்பதுதானே. நாள், மாதம், தவணை என்று எண்ணிப் பழகிய வீட்டுக் கூடங்களில் சுவர்க் கடிகாரம் மாட்டியதில் ஆச்சரியமில்லை. கைக்கடிகாரமும் பை கடிகாரமும் அதே கப்பல் பாதைகளில் வந்தன. சுவிட்சர்லாந்தில் செய்து, இந்தியச் சந்தைக்கென்றே பெயர் வைத்து விற்கப்பட்ட ‘வெஸ்ட் எண்ட்’ வாட்ச்சுகள் பம்பாய், கல்கத்தாக் கடைகளிலிருந்து வந்தன. அதில் ஒரு மாடலின் பெயர் ‘சவார்’, அதாவது குதிரைச் சிப்பாய். காலனிய ராணுவத்தின் வாசனை டயலிலேயே இருக்கிறது. அந்த வீடுகள் இடிக்கப்பட்டபோது தூண், கதவு, சீனப் பீங்கானோடு கடிகாரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவன் முதலில் போய் நிற்கிற இடமும் அந்தத் தெருதான்.

இதே காலத்தின் இன்னொரு ஆவணத்தை இங்கே பக்கத்தில் வைக்க வேண்டும். சமஸ்தானத்தின் எல்லைக்கு அடுத்திருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள்மீது கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளையும், 1931 ஜூனில் அவை பதினொன்றாகி விரிந்ததையும் ஜே.எச். ஹட்டன் தம் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழ் வேட்டி கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது. தலித் அரசியல் பேசுகிற எல்லோருக்கும் தெரிந்த பட்டியல் இது. நான் வாட்ச்சைத் தேடி அதைத் திரும்பவும் படித்தேன். வாட்ச் அதில் இல்லை. தடை செய்ய வேண்டிய தூரத்தில்கூட அது அன்று இருக்கவில்லை. ஆனால் கடிகாரம் இருக்கிறது! மிராசுதாரிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை செய்ய வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா என்று அந்தத் தடைகளில் ஒன்று சொல்கிறது.

இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். வெள்ளி முளைக்க, பொழுது சாய என்று இருந்த வேலை நாள் 7, 6 என்று எண்ணாகிறது. எண்ணைப் பார்க்கிற கருவி ஒருவன் கையில், எண்ணுக்கு உழைக்கிற உடம்பு இன்னொருவனுடையது. மணி ஆறாயிற்றா என்று உழைப்பவன் கேட்க முடியாது, சொன்னால்தான் உண்டு. தாம்சனின் தொழிலாளிக்குக் கடைசியில் கிடைத்த அந்தக் கடிகாரம் இங்கே கொடுக்கப்படவே இல்லை. நம்முடைய கைக்கடிகார வரலாறு இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

3

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கடிகாரம் செய்யத் தீர்மானித்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி.யின் பெங்களூர் ஆலையில் தயாரான முதல் கைக்கடிகாரங்களை நேரு 1961இல் வெளியிட்டார். எந்திரம் செய்கிற எந்திரங்களுக்காக 1953இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. ‘ஜனதா’, ‘பைலட்’, ‘ஜவான்’, ‘சோனா’, ‘கோஹினூர்’, பெண்களுக்கு ‘சுஜாதா’ என்று பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு தேசியக் கதையாடல் தெரிகிறது. ஜனதாவில் ஒரு வகைக்கு டயலில் பெயரே தேவநாகரியில் இருக்கும். இந்தி எதிர்ப்புப் போரில் நின்ற தமிழ்நாட்டில் அதையும் கையில் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். முரண்பாடுதான், ஆனால் வாட்ச்சுக்கு வேறு வழி இருக்கவில்லை.

முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு வழி கடலில் இருந்தது. சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதி சேர்ந்ததால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிக் கரை நமக்கு வந்தது. வெளிநாட்டு வாட்ச்சுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் வரியும் இருந்த வருஷங்களில் இந்தியாவின் எல்லாக் கரைகளையும் போலத் தமிழகக் கரையும் கள்ளச் சரக்கு பார்த்தது. பர்மாவில் 1962க்குப் பின் வந்த ராணுவ ஆட்சியும் நாட்டுடைமையும் விரட்டியதில் திரும்பி வந்த தமிழர்களுக்காகச் சென்னையில் 1969இல் ஏற்பட்ட பர்மா பஜார், ‘ஃபாரின் வாட்ச்’ என்ற சொல்லுக்கே விலாசமாயிற்று.

இங்கே சட்டத்தின் ஒரு பிரிவைக் கவனிக்கலாம். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, கடத்தல் சரக்கு என்ற நம்பிக்கையில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அது கடத்தலல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை வைத்திருப்பவன்மீது போடுகிறது. எல்லாப் பொருளுக்கும் அல்ல. சட்டத்திலேயே பெயர் சொல்லப்பட்டவற்றில் தங்கமும் கைக்கடிகாரமும் உண்டு. குற்றம் சாட்டுகிறவன் நிரூபிக்க வேண்டும் என்பது பொது நியாயம். அதைத் தலைகீழாக்குகிற இடத்தில் தங்கத்தோடு வாட்ச் வந்து நிற்கிறது. அடகுக் கடையில் இரண்டும் ஒரே தராசுக்குப் பக்கத்தில் கிடந்ததை நினைத்தால் இது புரியும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச், சைக்கிள் என்று சொன்ன முறையிலும் இரண்டும் சேர்ந்துதான் வந்தன. வாட்ச் நேரம் பார்க்கிற கருவி என்பதைவிடக் கைமாற்றத்தக்க சொத்தாக இருந்தது. பெண் வீட்டுக் கடன் எத்தனை பேரின் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

நிரூபிக்கும் பொறுப்பு என்பது சட்டத்தோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் பணி நியமனம் பெற்று, முதல் சம்பளத்தில் எச்.எம்.டி. வாங்கிய தலித் ஆசிரியர் ஒருவரை அறந்தாங்கிப் பக்கம் சந்தித்தேன். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. பெயர் வேண்டாம் என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். “முழுக்கைச் சட்டதான் போடுவேன். தெருவுக்குள்ள வந்தா கைய எறக்கி விட்டுருவேன். மணி கேட்டா நின்னு சொல்லுவேன். கையக் காட்ட மாட்டேன்” என்றார். அவரிடம் ரசீது இருந்தது. வாட்ச் திருட்டுப் பொருளல்ல என்று எந்த அதிகாரியிடமும் அவர் காட்டியிருக்க முடியும். தெருவில் அந்த ரசீது செல்லாது. அங்கே அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது வேறு.

4

இனி வாட்ச்சைத் திறப்போம்.

ஜனதாவின் டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கும். நம் ஊரில் ‘17 கல் வாட்ச்’. பற்சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகச் சின்னச் சின்னச் செயற்கை மாணிக்கக் கற்களைத் துளையிட்டுப் பதித்திருப்பார்கள். அலங்காரம் இல்லை, தேய்மானக் கணக்கு. சாவி கொடுத்தால் மெயின் ஸ்பிரிங் சுருள்கிறது. அது விரிகிற விசையைப் பேலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் துண்டு துண்டாக அளந்து விடுகின்றன. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. காதில் வைத்தால் கேட்கிற சத்தம் அதுதான். ‘பாரா ஷாக்’ என்ற எழுத்து, கீழே விழுந்தால் பேலன்ஸ் அச்சு ஒடியாமல் காக்கிற சிட்டிசன் அமைப்பின் பெயர். இத்தனையையும் பெங்களூரில் மேசை வரிசைகளில் உட்கார்ந்து பூட்டியவர்களில் பெண்கள் நிறைய இருந்தார்கள். டயலில் அவர்கள் பேர் இல்லை.

‘கல்’ என்கிற சொல் புதுக்கோட்டைக்காரனை வேறு இரண்டு இடங்களுக்கும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்று, செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற வேலை. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் வீட்டுத் திண்ணைகளிலும் சின்னப் பட்டறைகளிலும் பரவிய தொழில். சின்னப் பிள்ளைகளின் கண்ணையும் விரலையும் தின்ற தொழில். வாட்ச்சுக்குள் இருக்கிற கல் இங்கே தீட்டியதென்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே விதமான கண், ஒரே விதமான குனிவு என்று மட்டும் சொல்கிறேன். கூலி எண்ணிக்கைக்கு; மணிக்கணக்குக்கு இல்லை. மற்றது கல் குவாரி. அங்கேயும் உடைத்த அளவுக்குத்தான் கூலி. எண்ணிக்கைக் கூலியில் இருப்பவருக்கு முதலாளி கடிகாரம் காட்ட வேண்டியதே இல்லை. பசியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத வந்தவர்களில் இந்தக் கல் தீட்டுகிறவர்களும் குவாரிப் பெண்களும் இருந்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். மாப்பிள்ளைச் சீராக ஆணுக்குக் கொடுக்கப்பட்ட மூன்றில் சைக்கிளைப் பெண்கள் அன்று எடுத்துக்கொண்டார்கள். வாட்ச்? பெண்களுக்கான வாட்ச் சிறியது. கட்டினாலும் டயலை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுவது நம் வழக்கம். ஆசிரியையும் நர்ஸும் அப்படித்தான் கட்டினார்கள். இன்றைய பழைய வாட்ச் சந்தையிலும் பெண்கள் வாட்ச்சைக் கேட்பாரில்லை. பெரியது வேண்டும், ஆண் மணிக்கட்டுக்கு எடுப்பாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, ‘சுஜாதா’ போன்றவற்றைத் தேடுங்கள். விலை மலிவு. உள்ளே அதே வேலைப்பாடு, இன்னும் நுணுக்கமாக. நாம் விட்டுவிட்டால் உதிரி பாகமாகக் கரைந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. 1960கள் வரையான வெளிநாட்டு வாட்ச்சுகளில் இருட்டில் மினுங்கும் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு பூசப்பட்டதுண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் முதல் உலகப் போர் காலந்தொட்டு அந்த எண்களை எழுதிய இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித் தரப்பட்டார்கள். தாடை எலும்பு அழுகி ஒவ்வொருவராகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. இன்று அந்த டயல்கள் மினுங்குவதில்லை. மினுங்க வைத்த ரசாயனம் செத்துவிட்டது. ரேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் வேண்டும். அதனால் பழைய பழுப்புப் பூச்சைச் சுரண்டாதீர்கள், வீட்டில் வைத்துத் திறக்காதீர்கள். லாரியின் பின்னால் ஒட்டுகிற மினுங்கும் காகிதத்தை இன்றும் ‘ரேடியம்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெண்களை நாம் அறியாமலே அவர்களைக் கொன்ற பொருளின் பெயர் நம் தெருப் பேச்சுக்கு வந்துவிட்டது.

5

முகத்துக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்ற கேள்விக்கு வருகிறேன்.

1969 டிசம்பரில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. இந்தியாவில் அந்த அலை 1980களில் அடித்தது. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் ஆலை கட்டி, 1987இல் குவார்ட்ஸ் வாட்ச்சுகளோடு கடைக்கு வந்தது. பேட்டரி போட்டால் ஓடும், சாவி வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். சர்வீஸ் வேண்டாம் என்றால் மெக்கானிக்கும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மிச்சமிருப்பவர்கள் பேட்டரியும் பட்டையும் மாற்றிக்கொடுத்துப் பிழைக்கிறார்கள். பத்துக் கோடிக்கு மேல் வாட்ச் செய்த எச்.எம்.டி.யும் முடிந்தது. கழித்துப் போட்ட மிஷின்கள் மூட்டை மூட்டையாக மும்பைக்குப் போயின. கை வேலை தெரிந்து, வேலை இல்லாமல் போனவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நல்ல மிஷினை எடுத்து, டயலுக்குப் பெயிண்ட் அடித்து, ஏதோ ஒரு கூட்டில் பூட்டி விற்கிறார்கள். மேற்கத்திய சேகரிப்பாளர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஏளனமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏளனத்தில் நான் கலந்துகொள்ளத் தயாராக இல்லை. தொழில் செத்த பிறகு மிஞ்சிய திறமை தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. மேலும், பெயிண்ட் அடிப்பது நமக்கே பழைய வழக்கம். “கல்யாணத்துக்குப் பழைய வாட்ச்ச கொண்டாந்து, டயலப் புதுசாக்கிக் குடுங்கம்பாங்க. அண்ணன் வாட்ச்சு தம்பிக்கு, அப்பன் வாட்ச்சு மருமவனுக்கு” என்றார் மெக்கானிக். வாங்க முடியாதவன் புதுசாக்கிக்கொண்டான். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ‘யார் கையும் படாத ஒரிஜினல்’ என்பது பணக்கார வீட்டுப் பெட்டகத்தில் மட்டுமே சாத்தியமான பொருள். உழைக்கிறவன் கையில் இருந்த வாட்ச் வியர்வையில் ஊறும், கண்ணாடி உடையும், முள் மாறும். சேகரிப்பாளரின் ‘ஒரிஜினல்’ என்கிற சொல்லாடல் இந்த வாழ்க்கையைக் குறையாகக் கழித்துவிடுகிறது.

ஆனால் எல்லாம் ஒன்றுதான், எதையும் வாங்கலாம் என்று பின்நவீனத்துவப் பாணியில் கையை விரித்துவிடவும் என்னால் முடியாது. ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஓடுவதற்காகச் செய்த வேலை தன்னை மறைத்துக்கொள்வதில்லை. விற்பதற்காக அடித்த பெயிண்ட், வாட்ச் அதுவரை வாழ்ந்ததை அழித்துவிட்டு, வாழாத ஓர் இளமையைக் காட்டுகிறது. முன்னதற்குக் காசு கொடுங்கள், பின்னதற்குக் கொடுக்காதீர்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. லென்ஸ் வைத்து நிமிஷக் கோடுகளைப் பாருங்கள்: கோடும் மணிக்கட்டையும் நேர்கோட்டில் நிற்காவிட்டால், எழுத்துத் தடித்துக் கரையில் பிசிறினால், அது பெயிண்ட். ஆலை அச்சு கூராக இருக்கும். ஜனதாவில் கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு டயல் என்றால் சந்தேகப்படுங்கள். டயல் ஒரு கம்பெனி, மிஷின் இன்னொரு கம்பெனி என்றால் கேட்கவே வேண்டாம். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாதவன் கை பட்டிருக்கிறது. பட்டைக்கு அடியில் செம்பழுப்பாகத் துரு இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கலாம். சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் தராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் மூடியைத் திறந்து காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

6

மூடி என்றதும் என் பெரிய தவறு.

சிவப்பு ஜனதாவுக்குப் பிறகு அந்த மெக்கானிக்கே ஒரு ஜனதா கொடுத்தார். அழுக்கு வெள்ளை டயல், நாலு மணிக்குப் பக்கத்தில் பழுப்புத் திட்டு, கூடெல்லாம் கீறல். கம்பெனி டயல், கம்பெனி மிஷின். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீறலை மட்டும் எடுத்துவிடலாமே என்று வெளியூர்க் கடை ஒன்றில் பாலிஷுக்குக் கொடுத்தேன். கூட்டையும் மூடியையும் உள்ளும் புறமும் கண்ணாடிபோல் ஆக்கித் தந்தார்கள். கொண்டுவந்து காட்டினேன். மெக்கானிக் மூடியைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார்.

“உள்பக்கம் எழுதியிருந்துச்சே தம்பி.”

எனக்குப் புரியவில்லை. அவர் பெட்டியிலிருந்து வேறொரு மூடியை எடுத்து, சாய்த்து, வெளிச்சத்தில் காட்டினார். ஊசி முனையால் கீறிய மயிரிழை எழுத்துகள். ஒரு எண், ஒரு தேதி, ஓர் இனிஷியல். சர்வீஸுக்கு வருகிற வாட்ச்சின் மூடிக்குள் மெக்கானிக் தன் அடையாளத்தைக் கீறி வைப்பது உலகெங்கும் இருக்கிற தொழில் வழக்கம். திரும்ப வந்தால் யார், எப்போது பார்த்தது என்று தெரிவதற்கு. என் ஜனதாவின் மூடியில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் கீறல் இருந்திருக்கிறது. அவர் கைப்பட மிஞ்சியிருந்தவற்றில் அதுவும் ஒன்று. அதை நான் காசு கொடுத்து அழித்தேன். பெயிண்ட் அடித்து விற்றவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் வயிற்றுக்காகச் செய்தான்.

கல்வெட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அரசன் வெட்டியது, கோயில் வெட்டியது எல்லாம் படியெடுத்தாயிற்று. மூடிக்குள் கீறியது வெட்டி வைத்தவனுக்கும் அவனைப் போன்ற இன்னொரு தொழிலாளிக்கும் மட்டுமே தெரிகிற எழுத்து. வாங்கியவன்கூட அறியமாட்டான். தொழிலாளி தொழிலாளிக்கு எழுதிய இந்தக் குறிப்புகளை யாரும் படியெடுக்கவில்லை. அதனால் இப்போது வாங்குகிற முறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். எந்த வாட்ச்சானாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மூடியில் உள்ளதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். யார் கட்டியிருந்தார்கள், எதற்காக வாங்கியது, சீரா சம்பளமா, எத்தனை தடவை அடகுக்குப் போனது என்று விற்பவரிடம் கேட்கிறேன். பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். சொன்னவரை எழுதுகிறேன். பேரம் பேசும் முன்னால் சந்தை விலையை நானே சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு வழியில்லாமல் விற்க வருகிறவரிடம் அறியாமையை விலைக்கு வாங்கக் கூடாது என்று ஒரு கணக்கு. இதனால் பல வாட்ச்சுகள் என் கைக்கு எட்டாமல் போயிருக்கின்றன. பரவாயில்லை.

அறந்தாங்கி ஆசிரியரிடமும் வாங்கலாம் என்றுதான் போனேன். பேசி முடித்தபோது கேட்க வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டு, “இது குடுக்கிறதுக்கில்ல. ஓடுறதுதான் இல்ல” என்றார். என்னோடு புதுக்கோட்டைக்கு அனுப்பிவைத்தார். மெக்கானிக் திறந்தார். மூடியில் ஐந்து கீறல்கள். இரண்டில் வருஷம் இருந்தது. ஒன்றை விரல் நகத்தால் தொட்டுக் காட்டி, “வாத்தியார்” என்றார். பெட்ரோல் விட்டுக் கழுவி, எண்ணெய் வைத்து, மெயின் ஸ்பிரிங் மாற்றினார். மூடுவதற்கு முன்னால் ஊசியை எடுத்து ஆறாவதாகத் தன்னுடையதைக் கீறினார்.

மற்ற ஊர்களில் இருக்கிற நண்பர்கள், தங்கள் ஊர் மெக்கானிக்குகள் இருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். மூடிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். கடிகாரத்தைக் கட்டக் கூடாதென்று தடுத்த தெருக்களைப் பற்றியும் எழுதுங்கள். என் வாதத்தில் பிழையிருந்தால் அதையும்.